ஒட்டு

ஏலக்கூடத்தில் எல்லோரும்
குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எண் பொருந்துகிறதா, முத்திரை தேயாமல் இருக்கிறதா என்று
ஒருவர் பூதக்கண்ணாடியோடு முணுமுணுத்தார்.
நான் துப்பாக்கியை ஜன்னலோரம் கொண்டுபோய்
கட்டையை மட்டும் சாய்த்தேன்.
தாழப் பறந்து வந்த பிப்ரவரி வெயில்
பிர்ச் மரத்தில் விழுந்ததும்
உள்ளே எதுவோ புரண்டு படுத்தது.

இப்படிச் சாய்த்தால் இருண்ட வரி பொன்.
அப்படிச் சாய்த்தால் பொன் இருட்டு.
ஆறும் பாலில் ஆடை சுருங்குமே, அந்தச் சுருக்கம்
தோள்முனையிலிருந்து விரல்பிடி வரைக்கும்.
மரத்துக்கும் புலிக்கும் ஒரே பெயர் வைத்த மொழி
தெற்கே எங்கோ இருக்கிறதாம்.
அவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

"குழல் அரித்துப்போயிற்று" என்றார் உர்ப்போ,
நேர்மையான வியாபாரி.
"கொட்டகைச் சுவரைக் குறிபார்த்தாலும் தப்பும்."
பணத்தை எண்ணி வைத்தேன்.

குவோப்பியோவில் நான் பல் செய்கிறவன்.
மருத்துவன் அல்ல;
மருத்துவர் அனுப்பும் அச்சுக்குப்
பீங்கானில் பல் வார்த்துக் கொடுப்பவன்.
பதினாறு வெண்மைகளை எனக்குப் பிரித்துத் தெரியும்.
பக்கத்துப் பல்லுக்கே தெரியாமல் ஒரு பல்லைக்
கூட்டத்தில் நுழைப்பது என் பிழைப்பு.

வீட்டில் ஒன்பது துப்பாக்கிகள், இரும்பு அலமாரி, இரண்டு பூட்டு.
சோதனைக்கு வந்த காவலர் ஆவுரா கேட்டாள்:
"எதையெல்லாம் சுடுவீர்கள்?"
எதையும் இல்லை.
"பிறகு?"
பார்ப்பேன்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் தேடினாள், பாவம்.

ஹில்க்கா ஒரே ஒருமுறை சொன்னாள்:
"வரிதான் வேண்டுமென்றால் ஒரு கிண்ணம் வாங்கேன்."
அன்றிரவு தூக்கம் வரவில்லை.
கிண்ணத்தை யாரும் கன்னத்தில் அழுத்தி
மூச்சை அடக்குவதில்லை.
என் கட்டையில் அந்த இடம் மட்டும் வழவழப்பு;
எண்ணெய் அங்கே இறங்குவதே இல்லை.

ஆறு ஆண்டு கழித்து, மின்சாரம் போன ஒரு மாலை,
நெற்றிவிளக்கோடு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கும்போது
விரல் கண்டுபிடித்தது, கண் அல்ல.
விசைக்குப் பின்னால்
தபால்தலை அளவில் ஒரு மாற்று மரம்.
அலை இந்தப் பக்கம் ஏறி
அந்தப் பக்கம் அதே அலையாக இறங்குகிறது.
ஒரு மூலையில் மட்டும் மயிரிழை பிசகு.

பொறாமை வந்தது, மறைக்கமாட்டேன்.
போர்க்காலப் பட்டறை. உடைந்தவை குவியல் குவியலாக.
ஏதோ ஒரு சிராயை அடித்துச் செருகியிருந்தால்
எந்த அதிகாரி கேட்கப்போகிறான்?
ஆனால் யாரோ கழிவுப் பெட்டியைக் கிளறியிருக்கிறான்,
இந்த நெளிவுக்கு ஒத்த நெளிவு கிடைக்கும்வரை.
பசித்திருப்பான். கை விறைத்திருக்கும்.
எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை. கட்டையைத் தனியே கழற்றி
ஹில்க்காவின் குளியல் துண்டில் சுற்றி
மருத்துவர் பெல்கோனனின் அறைக்குக் கொண்டுபோனேன்.
நோயாளி சாயும் நாற்காலியில் அதைச் சாய்த்து
எக்ஸ்ரே எடுத்தார். ஐந்து நிமிட வேலை.

திரையில் புலி இல்லை.
ஒரு வரிகூட இல்லை; மரமே
மூச்சுப் பட்ட கண்ணாடிபோல ஒரு சாம்பல்.
நான் விலை கொடுத்தது எதுவும் அங்கே வரவில்லை.
ஒட்டுக்கு அடியில்
அரிசிமணி அளவில் ஒரே ஒரு வெள்ளை.
இரும்பு.

"எடுத்துவிடவா?" என்றார் பெல்கோனன், பழக்கதோஷம்.
பிறகு அவரே சிரித்துக்கொண்டு
"வலிக்கிறதா?" என்றார்.

தெரிந்தே உள்ளே விட்டு மூடினானா,
தெரியாமல் மூடினானா,
அந்த வழவழப்பில் அப்போது ஒரு கன்னம் இருந்ததா.
துண்டை மறுபடி சுற்றினேன்.
ஏரிச் சாலையில் உப்பு தூவும் வண்டியின் பின்னால்
நாற்பதில் ஊர்ந்து வந்தேன்.
பின்னிருக்கையில் வைத்ததற்கு
பெல்ட் போட்டிருந்தேன் என்பதை
வீட்டு வாசலில்தான் கவனித்தேன்.